நெட்டாளு தாத்தாவைத் தேடிய கதை

எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. நெட்டாளு தாத்தா, அவ்வளவுதான். எனக்கு எள்ளுத்தாத்தா முறை. ஆறடிக்கு மேல் உயரம், நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவார், அதனால் நெட்டாளு என்று பேர் வந்தது. சின்ன வயதில் இப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர், பிறகு பணத்தோடு திரும்பி வந்து நிலம் வாங்கினார் என்பது மீதிக் கதை. எங்கே போனார் என்று கேட்டால் ஒருவர் பட்டணம் என்பார், இன்னொருவர் கண்டி என்பார்.

அப்பா தவறிய பிறகு ட்ரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். வரி ரசீதுகள், இரண்டு ஜாதகம், அடியில் ஒரு வேட்டித் துண்டில் சுற்றிய பத்திரம். எட்டாக மடித்து வைத்திருந்தார்கள். மடிப்பு எல்லாம் விட்டுப்போய், யாரோ எப்போதோ செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். டேப் பழுத்துத் தேன் நிறமாகியிருந்தது. மேலே முத்திரையில் விக்டோரியா ராணி தலை. அங்கே ஆரம்பித்த வேலை இது. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. எங்கே தப்பு செய்தேன், எது பலன் தந்தது என்று எழுதி வைத்தால், இதே மாதிரி ஒரு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் என் தப்பு. அந்த டேப்பை எடுத்துவிடலாம் என்று முடி உலர்த்தும் மெஷினைக் குறைந்த சூட்டில் வைத்துக் காட்டினேன். முதல் துண்டு நன்றாக வந்தது. இரண்டாவது துண்டு வரும்போது மையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிட்டது. கிழக்கு எல்லையில் இருந்தவருடைய பெயரில் இரண்டு எழுத்து போய்விட்டது. நூற்றுமுப்பது வருஷம் கரையானுக்கும் மழைக்கும் தப்பிய எழுத்து என் கையால் போனது இன்னும் மனதை அறுக்கிறது. டேப் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். அப்படியே முதலில் படம் எடுத்து வையுங்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படம் எடுப்பதற்கு பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பத்திரத்தை மை ஒற்றும் தாள்மீது விரித்து, மேலே சுத்தமான கண்ணாடி ஒன்றை வைத்தேன். ராத்திரியில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட தரையோடு தரையாகப் பிடித்தால் பேனா கீறிய பள்ளம்கூடத் தெரிகிறது. மை மங்கிய இடங்களில் இது கைகொடுத்தது. பழுப்பு மைக்கு இன்னொரு வழியும் உண்டு: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீல நிறப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எழுத்து தாளிலிருந்து பிரிந்து நிற்கும். போனிலேயே செய்யலாம்.

அப்புறம் படிப்பது. இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

அந்தக் காலக் கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வார்த்தைக்கு நடுவே இடைவெளி விடுவதும் இல்லை. இதோடு சுருக்கக் குறிகள் வேறு: ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்களும் தமிழ் எண்கள். நான் கண்டுகொண்ட வழி, படிக்க முயலாமல் முதலில் எழுத்து எழுத்தாக அப்படியே பார்த்து எழுதுவது. வரிக்கு ஒரு எண் போட்டு, தெரியாத எழுத்துக்குக் கட்டம் போட்டு, பொருளைப் பற்றி யோசிக்காமல் எழுதிக்கொண்டே போகவேண்டும். பொருளை ஊகித்துப் படித்தால் கண் நமக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

தேதி நந்தன ௵ தை ௴ என்று இருந்தது. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். நந்தன என்றால் 1832, 1892, 1952 மூன்றும் வரும். ராணி தலை இருப்பதால் 1952 இல்லை. 1832-ல் விக்டோரியா பட்டத்துக்கே வரவில்லை. ஆக 1892-ல் பிறந்த நந்தன, தை என்றால் 1893 ஜனவரி-பிப்ரவரி. பின்பக்கத்தில் ஓரமாக பசலி 1302 என்று இருந்ததைப் பிறகு பார்த்தேன். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான வருஷம். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி பிறக்கும் ஆங்கில வருஷம் வரும். நம் பக்கத்தில் ஜூலையில் பிறக்கும். 1302-க்கு 1892 ஜூலை முதல் 1893 ஜூன் வரை. இரண்டும் ஒத்துப்போயின.

ஐந்தாவது வரிதான் இந்தப் பதிவை எழுத வைத்த வரி. பார்த்து எழுதியபோது இப்படி இருந்தது:

நெடடாலுககுபபொய௰௵யிருநதுதிருமபி

முதல் தடவை படித்தபோது எனக்குக் குஷி. அதோ, நெட்டாள்! பத்திரத்திலேயே நெட்டாள் என்று போட்டிருக்கிறார்கள் என்று அத்தைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. அவரும் சந்தோஷப்பட்டார். ராத்திரி மறுபடி பார்க்கும்போதுதான் உறுத்தியது. ஆள் என்றால் ளகரம் வரவேண்டும். எழுதியவர் மற்ற இடங்களில் ளகரத்தைச் சரியாகவே போட்டிருக்கிறார். வரி ஒன்பதில் ‘உள்ள’ இருக்கிறது, பதினொன்றில் ‘பள்ளம்’ இருக்கிறது. இங்கே மட்டும் லகரம். அடுத்து ‘ககு’, அதாவது ‘க்கு’. நெட்டாளுக்கு என்றால் யாருக்கோ என்று வரும், அதன் பிறகு ‘பபொய’. கொம்பை இரட்டைக் கொம்பாக மாற்றிப் பார்த்தேன்.

நேட்டாலுக்குப் போய்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த நேட்டால். கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிய நேட்டால். முதல் கப்பலே சென்னையிலிருந்துதான் போனது. ட்ரூரோ என்று பேர், 1860 நவம்பர் 16-ல் தர்பன் போய்ச் சேர்ந்தது. ஊரார் அவரை ‘நேட்டாலு’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரார், ரங்கூனார் என்று சொல்வது மாதிரி. அந்த ஊரே யாருக்கும் தெரியாத தலைமுறையில் அது நெட்டாளு ஆகிவிட்டது. நிலைப்படிக் கதையை யார் சொன்னது என்று அத்தையிடம் கேட்டேன். “எங்கம்மா சொல்லுவாங்க” என்றார். அத்தையின் அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். தாத்தாவைப் பார்த்ததே இல்லை. பேர் இருக்கவே அதற்கு ஏற்ற கதை வந்திருக்கிறது. எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. பார்க்காத மாமனார் வழி மனிதரை எப்படியாவது கண்முன் நிறுத்திக்கொள்ள அந்த மருமகள் செய்த முயற்சி அது.

இனி ஆளைப் பட்டியலில் தேடவேண்டும். 1860 முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துக் கப்பல் வாரியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது வரை இருக்கிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்தூலி ஆவண மையம் அந்தப் பட்டியல்களைப் பெயர்த்தெழுதிக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் இரண்டு நாள் போனேன். குடியேற்றம் சம்பந்தமான அரசாங்க நடவடிக்கைக் குறிப்புகள் கிடைத்தன, ஆனால் தனி ஆள் பெயரைத் தேட அது வழி இல்லை. ஆளைத் தேடுவதென்றால் நேராக நேட்டால் பட்டியலுக்குப் போய்விடுங்கள்.

பத்திரத்திலிருந்து என்னிடம் மூன்று விவரம் இருந்தன: அவர் பெயர், அவர் அப்பா பெயர், கிராமம். (பெயரை இங்கே எழுதவில்லை. பெரியப்பா வீட்டில் வேண்டாம் என்றார்கள். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு உள்ள பெயர்தான், ‘சாமி’ என்று முடியும்.) அந்த ‘சாமி’யை மட்டும் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதியிருக்கிறார்கள். கப்பலேற்றும் முன் கூலிகளைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதுவார், அதை இன்னொருவர் நகல் எடுப்பார், நூறு வருஷம் கழித்து மூன்றாமவர் தட்டச்சு செய்வார். இப்படித்தான் நேட்டாலில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது, முதலியார் ‘மூட்லி’ ஆனது. அதனால் பெயரை முழுசாகக் கொடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உயிரொலியை எல்லாம் கழித்துவிட்டு மெய்யொலியை மட்டும் வரிசையாக வைத்துத் தேடவேண்டும். தகரத்துக்கு டகரத்தையும், ககரத்துக்கு அதன் மெலிந்த ஒலியையும், பகரத்துக்கு வகரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவேண்டும். எங்கள் கிராமத்தின் பெயர் ‘பாக்கம்’ என்று முடியும். அதை நாலு வடிவத்தில் பார்த்தேன். கடைசியில் பெயரை விட்டுவிட்டு வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்று வருகிற எல்லா வரியையும் ஒரு தாளில் இறக்கிக்கொண்டு, கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் நல்லது என்று தெரிந்தது.

அப்படிப் பார்த்தும் இரண்டு மாதம் வீண். காரணம், தாது வருஷம். தாது 1876-77. அந்தப் பெரும் பஞ்சம் 1878 வரை இழுத்தது. அதனால் 1875-லிருந்து 1879 வரை வந்த கப்பல்களை மட்டுமே சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தேன். ஒத்துவரும் ஆள் ஒருவரும் இல்லை.

மறுபடி ஐந்தாவது வரிக்கே வந்தேன். ‘பொய’ என்பதற்குப் பின்னால் இன்னொரு ‘ய’ இருப்பதாக நினைத்து, எழுதியவர் கை தவறி இரண்டு தடவை போட்டுவிட்டார் என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். பார்த்து எழுதிய தாளில் யகரமாகவே எழுதியிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அதன் வால் கீழே இறங்குகிறது. அது யகரம் இல்லை. ௰, பத்து. பக்கத்தில் ௵. நேட்டாலுக்குப் போய்ப் பத்து வருஷம் இருந்து திரும்பி! மேலே நான் கொடுத்திருக்கிற வரி திருத்திய வரி.

பத்து வருஷம் என்பது சும்மா வந்த கணக்கு இல்லை. ஒப்பந்தம் ஐந்து வருஷம். இன்னும் ஐந்து வருஷம் அங்கேயே இருந்தால்தான் ஊர் திரும்ப இலவசக் கப்பல் கிடைக்கும். 1893 தையில் நிலம் வாங்குகிறார் என்றால் 1892-ல் திரும்பியிருக்கவேண்டும், 1882-ல் போயிருக்கவேண்டும். பஞ்சத்திலேயே போகவில்லை, பஞ்சம் முடிந்து நாலு வருஷம் கழித்துப் போயிருக்கிறார். ஆனாலும் வீட்டுக் கதையை முழுசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மாடு செத்து, விதைநெல்லைத் தின்று, கடன் வாங்கிப் பிழைத்த குடும்பத்துக்குப் பஞ்சம் 1878-ல் முடிந்திருக்காது.

1882 கப்பல்களில் தேடியபோது ஒரே ராத்திரியில் கிடைத்தார். பெயர், அப்பா பெயர், ஜில்லா, தாலுகா சரி. கிராமப் பெயரில் ஒரு எழுத்து மட்டும் வித்தியாசம். வயது 26. வலது கணுக்காலில் தழும்பு. குறிப்புப் பத்தியில் 1892-ல் திரும்பியதாக இருந்தது. பெயர் மட்டும் ஒத்துப்போகும் இன்னொருவரும் அதே வருஷம் இருந்தார், ஆனால் அவர் செங்கல்பட்டு, அப்பா பெயரும் வேறு. பெயர் ஒன்று கிடைத்தவுடன் இவர்தான் என்று முடிவு கட்டாமல், குறைந்தது மூன்று விவரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். எனக்கு நாலு பொருந்தியது, திரும்பிய வருஷத்தையும் சேர்த்து.

அந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். பக்கத்து வரிகளைப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் கண் கீழே போனது. குடும்பமாகப் பதிந்தவர்களுக்கு எண் அடுத்தடுத்து வரும். அவருக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண். வயது 20. அதே கிராமம். மனைவி. அடையாளம்: முன்கையில் பச்சை. அதற்கும் அடுத்த எண்ணில் ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது.

எங்கள் எள்ளுப்பாட்டியின் பெயர் எங்களுக்குத் தெரியும். அது இந்தப் பெயர் இல்லை. எள்ளுப்பாட்டி கலசப்பாக்கம் பக்கத்துப் பெண், அவர் திரும்பி வந்தபிறகு கட்டிக்கொண்டவர். அவருக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னது இல்லை. பட்டியலில் அந்தப் பெண்ணுக்கு எதிரே 1886-ல் இறந்ததாக ஒரு சொல். குழந்தைக்கு எதிரே ஒன்றும் இல்லை. இறந்ததாகவும் இல்லை, திரும்பியதாகவும் இல்லை.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. ஒரு நாள்கூட விடாமல் உழைத்தால் ஐந்து வருஷத்துக்கு 720 ஷில்லிங், 36 பவுண்டு. ஆனால் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். பெண்ணுக்குப் பாதிக் கூலி, பாதி உணவுப் படி. 1892-ல் வெள்ளி விலை விழுந்து, பவுண்டுக்குப் பத்து ரூபாய் என்று இருந்தது பதினாறு ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. ஊர் திரும்பியவர்களுக்கு அது லாபம். பத்திரத்தில் நிலத்தின் விலை ௱௮௰ ௹, நூற்றெண்பது ரூபாய். அதாவது சுமார் பதினோரு பவுண்டு. அந்த நிலத்தில் இன்றைக்கும் பெரியப்பா மகன் மணிலா போடுகிறான். அந்தப் பதினோரு பவுண்டில் அவளுடைய பாதிக் கூலி எவ்வளவு இருந்தது என்று எந்தப் பத்திரமும் சொல்லாது.

அத்தையிடம் நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்லும் விஷயமாகப் படவில்லை. அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் கையிலும் பச்சை உண்டு, சின்ன வயதில் குறத்தி குத்தியது, இப்போது நீலம் பாய்ந்து கோடு தெரியாது. “புருசன் இருக்கச்சொல்லோதானே போயிருக்கா?” என்று கேட்டார். ஆமாம், அவர் திரும்பினதற்கு ஆறு வருஷம் முன்னால் என்றேன்.

“அப்போ நாம வருசா வருசம் பொடவை வெக்கிறமே, யாருக்குன்னு நெனச்ச?”

எங்கள் பக்கத்து வீடுகளில் பூவாடைக்காரிக்குப் படைப்பது வழக்கம். சுமங்கலியாய்ப் போன ஒருத்தி வீட்டுத் தெய்வமாக இருப்பாள். புதுப்புடவை வைத்து, பூ வைத்துக் கும்பிடுவோம். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி யார், எந்தத் தலைமுறை என்று கேட்டால் அது ஆதிகாலத்திலிருந்து என்பார்கள். இவள்தான் அவள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒரு தாளும் அதற்குச் சாட்சி சொல்லாது. அத்தைக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

இப்போது நடப்பது குழந்தையின் வேலை. பெயர்த்தெழுதிய பட்டியலில் விட்டுப்போனது மூலப் பக்கத்தில் இருக்கலாம் என்பதால் அந்தப் பக்கத்தின் படத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். தாத்தா அனுப்பப்பட்ட தோட்டத்தின் முதலாளி பெயர் தெரிந்துவிட்டது. அந்த முதலாளி பெயரை வைத்து தர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகங்களில் இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தின் கோப்புகளில் தேடவேண்டும். 1895 வாக்கில் அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகியிருந்தால் திருமணப் பதிவில் அப்பா எண் வந்திருக்கும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் நேட்டால் பதிவுகளை ஒரு பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பெயரை விட எண்ணை வைத்துத் தேடுவதுதான் அங்கே உறுதியான வழி, பெயரைப் போல எண்ணை ஐந்தாறு விதமாக எழுதமாட்டார்கள்.

பத்திரத்தைத் துவைத்த பருத்தித் துணியில் மடிக்காமல் சுருட்டி, வசம்புத் துண்டு முடிந்து வைத்திருக்கிறேன். டேப் மீதி அப்படியே இருக்கிறது.

போன மாதம் படையல் போட்டோம். அத்தை சுவரில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “அவ பேரு என்னன்னு சொன்ன? மறுபடி சொல்லு.” சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் நானே ஊகித்துச் சேர்த்த பெயர்தான். அத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு எழுத்தைத் திருத்தினார். “அப்படி யாரும் பேரு வெக்க மாட்டாங்க, இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கற்பூரம் காட்டினார். என் தாளிலும் அதையே திருத்தி எழுதிக்கொண்டேன்.